ஆட வந்த இடத்தில் அடைக்கலம்: ஊர் திரும்ப அஞ்சும் விளையாட்டு வீரர்களை எப்படிக் காப்பது?

2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. ஆண்கள் 77 கிலோ பளுதூக்குதலில் எங்கள் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2014-ல் கிளாஸ்கோவில் வென்றதையும் சேர்த்தால் காமன்வெல்த்தில் அவருக்கு அது இரண்டாவது தங்கம். வேலூர்க்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே போட்டியின்போது நடந்த இன்னொரு விஷயத்தை இங்கே அதிகம் பேர் கவனிக்கவில்லை. காமரூன் நாட்டு அணியைச் சேர்ந்த 8 பேர், அதாவது பளுதூக்கும் அணியில் 3 பேரும் குத்துச்சண்டை அணியில் 5 பேரும், யாரிடமும் சொல்லாமல் விளையாட்டு கிராமத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். காமரூனின் ஆங்கிலம் பேசும் பகுதிகளில் அப்போது அரசுப் படைகளுக்கும் தனிநாடு கேட்ட ஆயுதக் குழுக்களுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. விசா முடிந்த பிறகும் தங்கினால் பிடித்துத் திருப்பி அனுப்புவோம் என்று ஆஸ்திரேலிய அரசு எச்சரித்தது.

பளுதூக்கும் பயிற்சிக்குப் போய்வரும் எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "ஆடிட்டு வந்தா நம்ம ஊர்ல மாலை போட்டு ஊர்வலமா கூட்டிட்டு வர்றாங்க. அவங்க மட்டும் ஏன்ணா வீட்டுக்குப் போகப் பயப்படணும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைத்தான், சட்டம் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி, இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் அவனுடைய கேள்விக்கு நேரடிப் பதில். சில நாடுகளில் விளையாட்டு வீரர் என்பவர் அரசாங்கத்தின் முகம். அந்த முகம் அரசுக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்துவிட்டால், சாதாரண ஆளுக்குக் கிடைப்பதைவிடக் கடுமையான தண்டனை கிடைக்கும். சதாம் உசேன் காலத்து ஈராக்கில் ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்தவர் அவருடைய மகன் உதய். ஆட்டத்தில் தோற்று வந்த கால்பந்து வீரர்களைச் சிறையில் போட்டு அடிக்கவைத்தவர் அவர். ஈரானில் நவீத் அஃப்காரி என்ற மல்யுத்த வீரர் 2018-ல் அரசுக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்டார். கொலை வழக்குப் போட்டார்கள். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள் என்று அவர் கடைசிவரை சொன்னார். உலகம் முழுவதிலுமிருந்து வேண்டுகோள் போயும், 2020 செப்டம்பர் 12-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருக்கு வயது 27. பதக்கம் ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்று நாம் நினைக்கிறோம். பதக்கத்தாலேயே ஒருவர் குறிவைக்கப்படுவதும் உண்டு.

யார் அகதி?

வேலூர்க்காரர்களுக்கு அகதி என்ற சொல் புதிதல்ல. மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. முகாம்களில் புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை 2021 நவம்பரில் முதலமைச்சர் தொடங்கிவைத்தது அங்கேதான். 1983-க்குப் பிறகு குண்டுக்கும் தீக்கும் தப்பி, படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். ஆகவே அகதி என்றதும் நம் மனதில் வருவது, ஆபத்தைப் பார்த்துவிட்டு ஊரைவிட்டு ஓடிவந்தவர்.

சட்டம் சொல்வது அதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி. 1951-ல் ஜெனீவாவில் உருவான அகதிகள் ஒப்பந்தம்தான் இதற்கு அடிப்படை. 1967-ல் ஒரு கூடுதல் ஒப்பந்தம் வந்து, அதை உலகம் முழுமைக்கும் பொருந்துவதாக ஆக்கியது. அதன்படி அகதி என்பவர் தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். திரும்பினால் துன்புறுத்துவார்கள் என்ற அச்சம் இருக்க வேண்டும். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருக்க வேண்டும். துன்புறுத்தலுக்கான காரணம் இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, அல்லது குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, இந்த ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். சொந்த நாட்டு அரசு தன்னைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாத நிலையும் இருக்க வேண்டும்.

இதில் வறுமை இல்லை, வேலையின்மை இல்லை. 2022-ல் பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் போட்டிக்குப் போன இலங்கை அணியிலிருந்து சிலர் காணாமல் போனார்கள். அப்போது இலங்கையில் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்ற நேரம். அவர்கள் மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. ஆனால் பொருளாதாரம் நொறுங்கியது மட்டுமே காரணம் என்றால் 1951 ஒப்பந்தம் அவருக்குக் கைகொடுக்காது. எல்லோரையும் "பிழைக்க ஓடியவர்கள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதுதான் தவறு. ஒரே அணியில், பக்கத்து அறையில் இருப்பவருக்கு உயிர்ப்பயமே காரணமாக இருக்கலாம். அதைத் தனித்தனியாகக் கேட்டுத்தான் பிரிக்க முடியும்.

வந்த பிறகு அகதியாவது

விளையாட்டு வீரர்கள் விஷயத்தில் பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான். "சொந்த நாட்டு அரசே பணம் கொடுத்து, கோட் தைத்துக் கொடுத்து, கொடியோடு அனுப்பியிருக்கிறது. திரும்பிப் போக டிக்கெட்டும் கையில் இருக்கிறது. இவர் எப்படி அகதி?" என்று கேட்பார்கள்.

ஆகலாம். கிளம்பும்போது அகதியாக இல்லாதவர், வந்த இடத்தில் இருக்கும்போதே அகதியாகிவிட முடியும். அகதிச் சட்டத்தில் இது நன்றாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. இரண்டு வழியில் அது நடக்கும்.

முதல் வழி, நாடு மாறிவிடுவது. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அந்த ஆண்டே லண்டனில் ஒலிம்பிக். அந்நாட்டுப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி தங்கம் வென்றது. அணியோடு வந்த மரியே ப்ரொவாஸ்னிகோவா, வயது 57, ஊர் திரும்ப மறுத்துவிட்டார். ஒலிம்பிக் வரலாற்றில் அப்படி வெளிப்படையாக மறுத்த முதல் ஆள் அவர்தான் என்பார்கள். 1956-ல் நடந்தது இன்னும் பெரிது. ஹங்கேரி அணி மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குத் தயாரானபோது புடாபெஸ்டில் மக்கள் எழுச்சி நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 4-ல் சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்தன. நவம்பர் 22-ல் போட்டி தொடங்கியது. வாட்டர்போலோவில் ஹங்கேரியும் சோவியத் யூனியனும் மோதிய ஆட்டத்தில் ஹங்கேரியின் எர்வின் சாடோர் முகத்தில் ரத்தம் வழிய நீச்சல் குளத்திலிருந்து ஏறிவந்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஹங்கேரி 4-0 என்று ஜெயித்தது, பிறகு தங்கமும் வென்றது. சாடோர் ஊர் திரும்பவில்லை. ஹங்கேரியின் மொத்த ஒலிம்பிக் அணியிலிருந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை.

இரண்டாவது வழி, ஆடுகளத்திலேயே ஏதாவது நடந்துவிடுவது. இந்தக் காலத்தில் இதுதான் அதிகம். 2019-ல் டோக்கியோவில் உலக ஜூடோ போட்டி. நடப்புச் சாம்பியனாக வந்த ஈரானின் சயீத் மொல்லாயியை, இஸ்ரேல் வீரரைச் சந்திக்க நேராதபடி வேண்டுமென்றே தோற்றுவிடச் சொல்லி ஈரான் அதிகாரிகள் மிரட்டினார்கள். அவர் ஊர் திரும்பாமல் ஜெர்மனிக்குப் போனார். பின்னர் மங்கோலியாவின் குடியுரிமை பெற்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். செஸ் நமக்கு நெருக்கமான ஆட்டம் என்பதால் இதையும் சொல்கிறேன்: 2022 டிசம்பரில் கஜகஸ்தானின் அல்மாட்டியில் நடந்த உலக ரேபிட், பிளிட்ஸ் போட்டியில் ஈரானின் சாரா காதெம் தலையில் முக்காடு இல்லாமல் உட்கார்ந்து ஆடினார். அவ்வளவுதான் அவர் செய்தது. அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போக வேண்டியதாயிற்று. 2023-ல் ஸ்பெயின் அவருக்குக் குடியுரிமை கொடுத்தது.

இவர்கள் யாரும் கட்சிக்காரர்கள் இல்லை, மேடையேறிப் பேசியவர்கள் இல்லை. "அரசியல் கருத்து" என்று ஒப்பந்தத்தில் இருப்பதற்கு, அவர் உண்மையில் அரசியல்வாதியாக இருக்க வேண்டும் என்று பொருளல்ல. அவருடைய செயலை அவர் நாட்டு அரசு எதிர்ப்பாக எடுத்துக்கொண்டால் போதும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அடுத்து வரும் கதை முழுவதும் புரிந்துவிடும்.

ஹனேடா விமான நிலையத்தில் நடந்தது

கிறிஸ்டினா திமனோவ்ஸ்கயா பெலாரஸ் நாட்டு ஓட்டக்காரர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு 24 வயதில் போனார். 100 மீட்டரும் 200 மீட்டரும் அவருடைய ஓட்டங்கள். தொடர் ஓட்ட அணியில் சிலர் போதுமான ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படாததால் ஓட முடியாமல் போயிற்று. உடனே பயிற்சியாளர்கள் இவரைக் கேட்காமலே 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். கோபத்தில் இன்ஸ்டாகிராமில் பயிற்சியாளர்களைக் குறை சொல்லி ஒரு வீடியோ போட்டார்.

நம் ஊரில் இது மாவட்ட அணித் தேர்வுகளில் அடிக்கடி கேட்கிற சண்டைதான். பெலாரஸில் அப்படி இல்லை. 2020 ஆகஸ்ட் தேர்தலுக்குப் பிறகு அதிபர் லுகஷென்கோவை எதிர்த்துப் பெரிய போராட்டம் நடந்து, விளையாட்டு வீரர்கள் உட்பட ஏராளமானோர் கைதாகியிருந்தார்கள். அந்நாட்டு ஒலிம்பிக் கமிட்டிக்குத் தலைவராக இருந்து வந்தவர் லுகஷென்கோவே. 2021-ல் அந்த நாற்காலி அவர் மகன் விக்டருக்குப் போனது. ஆகவே பயிற்சியாளரைக் குறை சொன்னால் அது அதிபரின் வீட்டைக் குறை சொன்னதாகிவிடும். அரசுத் தொலைக்காட்சி அவரைத் திட்ட ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 1-ம் தேதி அதிகாரிகள் அறைக்கு வந்து பெட்டியைக் கட்டச் சொன்னார்கள். 200 மீட்டர் ஓட்டம் அடுத்த நாள். காரில் ஏற்றி ஹனேடா விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். போகும் வழியில் அவருடைய பாட்டி போன் செய்து, இங்கே டிவியில் உன்னைப் பற்றித் தப்புத்தப்பாகச் சொல்கிறார்கள், வராதே என்றார். விமான நிலையத்தில் அவர் ஜப்பானியப் போலீஸ்காரரிடம் போனார். ஜப்பானிய மொழி தெரியாது. போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, உதவி வேண்டும் என்று தட்டச்சு செய்து காட்டினார்.

போலீஸ் அவரைக் கூட வந்தவர்களிடமிருந்து பிரித்துத் தனியாக அழைத்துப்போனது. அன்றிரவு பாதுகாப்போடு விமான நிலைய ஓட்டலில் தங்கினார். அடுத்த நாள் போலந்துத் தூதரகம் மனிதாபிமான விசா கொடுத்தது. ஆகஸ்ட் 4-ல் வியன்னா வழியாக வார்சாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய கணவரும் பெலாரஸை விட்டு வெளியேறி வந்து சேர்ந்தார். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சம்பந்தப்பட்ட இரண்டு பயிற்சியாளர்களின் அனுமதி அட்டையைப் பறித்தது. நாடு மாறியவர் புதிய நாட்டுக்காக ஓடக் காத்திருக்க வேண்டிய காலத்தை 2023-ல் உலகத் தடகளச் சங்கம் அவருக்குத் தளர்த்தியதால், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போலந்துக்காக ஓடினார்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது விசாவோ குடியுரிமையோ அல்ல. ஹனேடாவில் ஒரு போலீஸ்காரர் அந்தப் பெண்ணைத் தன் அணி அதிகாரிகள் இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போனாரே, அந்த நேரம்தான். ஒப்பந்தம், தூதரகம், நீதிமன்றம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வேலை செய்ய முடியும். அந்தத் தனிமை கிடைக்காமல் விமானத்தில் ஏறியிருந்தால் எல்லாச் சட்டமும் இருந்தும் ஒன்றுக்கும் உதவியிருக்காது. அதுவும் அவர் கையில் போன் இருந்ததாலும், அவருக்குத் துணிச்சல் இருந்ததாலும், போலீஸ்காரர் காது கொடுத்ததாலும் கிடைத்தது. அதிர்ஷ்டத்தை நம்பி ஒருவரின் உயிரை விட முடியாது. அந்தத் தனிச் சந்திப்பை ஒவ்வொரு போட்டியிலும் ஏற்பாடாகவே செய்துவைக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஏன் இவர்களுக்குத் தனி ஏற்பாடு?

வெளிநாட்டுக்குத் தனியாகப் போன மாணவரோ வியாபாரியோ பயந்தால், தானே ஒரு வக்கீலைத் தேடிப் போகலாம். அணியோடு வந்தவரால் அது முடியாது. பாஸ்போர்ட் பெரும்பாலும் மேனேஜர் பையில் இருக்கும். தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லா நாட்டு அணிகளிலும் உள்ள வழக்கம்தான், ஆனால் இந்த மாதிரி நேரத்தில் அதுவே விலங்காகிவிடும். பர்மிங்காமில் சிலர் காணாமல் போனதும் இலங்கை அணி அதிகாரிகள் செய்த முதல் வேலை, மீதி இருந்தவர்களின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கியது. சாப்பாடு, பஸ், பயிற்சி எல்லாம் கூட்டமாகத்தான். சில நாடுகள் உளவு பார்க்கவென்றே அணியோடு ஆள் அனுப்புகின்றன. தங்கும் நாட்களும் குறைவு. தோற்ற மறுநாளே விமானம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிடி, ஊரில் இருக்கும் குடும்பம். கிழக்கு ஜெர்மனியின் கால்பந்து வீரர் லூட்ஸ் ஐகண்டார்ஃப் 1979-ல் மேற்கு ஜெர்மனியில் ஒரு நட்பு ஆட்டம் முடிந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். மனைவியும் குழந்தையும் கிழக்கில். ரகசியப் போலீஸான ஸ்டாஸி அந்த மனைவியைச் சுற்றி வலை விரித்தது. அவர்களுடைய ஆளே அவருடன் பழகிப் பின்னர் கல்யாணமும் செய்துகொண்டான். 1983-ல் ஐகண்டார்ஃப் கார் விபத்தில் இறந்தார். அதிலும் ஸ்டாஸியின் கை உண்டு என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

ஆகவே பயந்திருக்கும் ஒருவரை மேனேஜர் முன்னிலையில் வைத்துக்கொண்டு "உங்களுக்கு இங்கே தங்க விருப்பமா?" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மருமகளிடம் "வீட்டில் ஏதாவது குறையாம்மா?" என்று கேட்பது போலத்தான் அது. வருகிற பதில் நமக்கு முன்பே தெரியும்.

சரி, எப்படிக் கேட்க வேண்டும்? அணியில் உள்ள எல்லோரையும் ஒருவர் பின் ஒருவராகத் தனியாக அழைக்க வேண்டும். ஒருவரை மட்டும் அழைத்தால் அவரைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் அணியோடு வந்தவராக இருக்கக் கூடாது. தூதரகம் அனுப்பியவராகவும் இருக்கக் கூடாது. வீராங்கனை என்றால் பெண் அதிகாரி இருக்க வேண்டும். "தஞ்சம்" என்ற சட்டச் சொல் தெரியாவிட்டாலும், "திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது" என்று சொன்னாலே அதை விண்ணப்பமாக எடுத்துக்கொள்ள வேண்டும். முடிவெடுக்க அவகாசம் வேண்டும். அம்மாவிடம் ஒரு தடவை போனில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்பார், பேசவிட வேண்டும். கடைசி வாய்ப்பு விமான நிலையத்தில். குடியேற்றப் பரிசோதனையில் எப்படியும் ஒவ்வொருவரும் தனியாகத்தான் அதிகாரி முன் நிற்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

அவர் "இல்லை, நான் போகிறேன்" என்றால் அதையும் மதிக்க வேண்டும். ஊரில் குழந்தை இருக்கலாம், படுத்த படுக்கையாக அப்பா இருக்கலாம். 2022 அக்டோபரில் சியோலில் நடந்த ஆசியப் போட்டியில் ஈரானின் சுவரேறும் வீராங்கனை எல்நாஸ் ரெகாபி முக்காடு இல்லாமல் ஏறினார். அது தற்செயலாக நடந்தது என்று பிறகு சொன்னார், டெஹ்ரானுக்குத் திரும்பினார். அங்கே மக்கள் கூட்டம் விமான நிலையத்துக்கே வந்து அவரை வரவேற்றது. வெளிநாட்டில் இருந்தவர்கள் பலர் "அவரைத் தடுத்து நிறுத்துங்கள்" என்று கொந்தளித்தார்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் பயந்த ஒருவரைக் கட்டாயப்படுத்தித் தங்கவைப்பதும், கட்டாயப்படுத்தி அனுப்புவதும் இரண்டுமே அவர் வாயை அடைப்பதுதான். சுதந்திரமாக முடிவெடுக்கும் இடத்தை உண்டாக்கிக் கொடுப்பதோடு நம் வேலை நின்றுவிட வேண்டும்.

திருப்பி அனுப்பாமை

கேட்டுவிட்டோம், அவரும் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அடுத்து வேலை செய்வது ஒரே ஒரு விதி: துன்புறுத்தல் காத்திருக்கும் இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. 1951 ஒப்பந்தத்தின் 33-வது பிரிவு இது. சித்திரவதைக்கு எதிரான 1984 ஒப்பந்தத்தின் 3-வது பிரிவும், சித்திரவதை நடக்கும் என்று நம்ப வலுவான காரணம் இருக்கும் நாட்டுக்கு யாரையும் அனுப்பக் கூடாது என்று, விதிவிலக்கே இல்லாமல் சொல்கிறது.

இந்த விதி எவ்வளவு எளிதில் உடையும், எப்படிக் காப்பாற்றலாம் இரண்டுக்கும் ஹக்கீம் அல் அரைபி உதாரணம். பஹ்ரைன் கால்பந்து வீரர். அங்கே சிறையில் சித்திரவதைப்பட்டு, ஆஸ்திரேலியா போய், 2017-ல் அகதியாக அங்கீகாரம் பெற்றவர். மெல்போர்னில் ஒரு சிறிய கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். 2018 நவம்பரில் மனைவியோடு தேனிலவுக்கு பாங்காக் போனார். பஹ்ரைன் கேட்டு வந்திருந்த இன்டர்போல் சிவப்பு நோட்டீஸை, அதாவது இவரைக் கண்டால் பிடித்துவையுங்கள் என்று பல நாட்டுப் போலீஸுக்கும் போகும் அறிவிப்பைக் காட்டி, இறங்கிய இடத்திலேயே பிடித்துவிட்டார்கள். எந்த நாட்டிடமிருந்து ஒருவர் தப்பி அகதியானாரோ அந்த நாடு கேட்டு அவர்மேல் சிவப்பு நோட்டீஸ் போடக் கூடாது என்பது இன்டர்போலின் சொந்த விதி. அதை மீறித்தான் அந்த நோட்டீஸ் வந்திருந்தது. பிறகு நோட்டீஸைத் திரும்பப் பெற்றார்கள், ஆளை மட்டும் விடவில்லை. காலில் சங்கிலியோடு நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன் கிரெய்க் ஃபாஸ்டர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், ஃபிஃபாவின் கதவைத் தட்டினார். 76 நாட்களுக்குப் பிறகு, 2019 பிப்ரவரியில் விடுதலை. தாய்லாந்து அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. இருந்தும் அவரை அனுப்பவில்லை.

அங்கே விளம்பரம் உயிரைக் காப்பாற்றியது. எல்லா இடத்திலும் அப்படி அல்ல. ஊரில் குடும்பம் மாட்டிக்கொண்டிருக்கும்போது பெயரும் படமும் வெளியே வருவது ஆபத்து. எப்போது பேசுவது, எப்போது மௌனமாக இருப்பது என்பதை அந்த வீரர்தான் சொல்ல வேண்டும். ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். "இந்த ஓட்டலில் பார்த்தேன்" என்று ஒரு செல்ஃபி போட்டாலே துரத்துபவருக்கு முகவரி கிடைத்துவிடும்.

அப்புறம், ஆட்டம் என்னாவது? உயிர் பிழைத்த பிறகு அடுத்த கவலை அதுதான். ஓட்டக்காரருக்கு நல்ல காலம் என்பதே சில ஆண்டுகள். ஒரு நாட்டுக்கு ஆடியவர் வேறு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் இறங்க மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி, தளர்வுக்கு இடம் உண்டு. காகிதம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அவருடைய விளையாட்டு வாழ்க்கையில் கழிகிறது. 2016 ரியோவில் தொடங்கிய அகதிகள் ஒலிம்பிக் அணி இதற்கு ஒரு பதில். அப்போது 10 பேர், டோக்கியோவில் 29, பாரிஸில் 37. பாரிஸில் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்ற சிண்டி இங்காம்பாதான் அந்த அணிக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்தவர். அவர் பிறந்ததும் காமரூனில்தான்.

கிரிக்கெட் இதில் மெதுவாகத்தான் நகர்ந்தது. 2021-ல் தாலிபான் வந்ததும் ஆப்கானிஸ்தானின் ஒப்பந்த வீராங்கனைகளில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிப் போனார்கள். ஆண்கள் அணி உலகக் கோப்பைகளில் ஆடிக்கொண்டிருக்க, இந்தப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆட 2025 ஜனவரி 30 வரை, மெல்போர்னில், காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஏப்ரலில்தான் அவர்களுக்கு உதவ ஐசிசி ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியமும் அதில் சேர்ந்திருக்கிறது. இது வரவேற்க வேண்டிய விஷயம், மூன்று ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டியதும்கூட.

இந்தியாவில் என்றால்?

1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் 1997-ல் கையெழுத்திட்டும் அதை உறுதி செய்யவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. வெளிநாட்டவர் எல்லோரையும் ஒரே சட்டத்தின் கீழ்தான் பார்க்கிறோம். 1946-ன் பழைய சட்டத்துக்குப் பதிலாக இப்போது 2025-ன் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் இருக்கிறது.

அதற்காகக் கதவு முழுவதும் மூடியிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு உயிருக்கும் சுதந்திரத்துக்கும் தரும் பாதுகாப்பு குடிமகனுக்கு மட்டுமானதல்ல, எந்த நபருக்கும் உரியது. 1996-ல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. 1998-ல் ஈராக்கியர் இருவர் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம், திருப்பி அனுப்பாமையும் 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்றது. ஆனால் 2021-ல் ஜம்முவில் இருந்த ரோஹிங்கியாக்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம், உரிய நடைமுறையைப் பின்பற்றினால் அனுப்பலாம் என்று விட்டுவிட்டது. ஆகவே இங்கே பாதுகாப்பு என்பது நீதிபதியையும் அரசின் மனநிலையையும் பொறுத்து மாறுகிறது. இது போதாது என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறையில், இலங்கை, திபெத் அகதிகளை அரசே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறது. மற்ற பல நாட்டவர்கள் டெல்லியில் உள்ள ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு செய்கிறார்கள். அகதி என்று சொல்லும் வெளிநாட்டவரின் கோரிக்கையை ஆராய்ந்து, நியாயம் இருந்தால் நீண்டகால விசா கொடுக்க 2011-ல் உள்துறை அமைச்சகம் ஒரு வழிமுறையும் வகுத்திருக்கிறது.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடக்கப்போகிறது. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கேட்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட அணிகள் வந்திறங்கும்போது, யாராவது ஒருவர் நம் போலீஸ்காரரிடம் போனை நீட்டத்தான் போகிறார். அந்தப் போலீஸ்காரருக்கு முன்கூட்டியே பயிற்சி வேண்டும், அழைக்க ஒரு எண் வேண்டும், அழைத்தால் வர ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மைதானம் கட்டுவதற்கான திட்டத்தோடு சேர்த்தே இதையும் எழுதிவைக்கலாம்.

இது அகமதாபாத் சமாச்சாரம், நமக்கென்ன என்று வேலூரில் இருப்பவர்கள் நினைக்க முடியாது. இங்கே வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பல நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள், ஆடுகிறார்கள். படிக்க வந்த இடத்தில் ஒருவர் அகதியாவதும் இதே விதியின் கீழ்தான் வரும். உங்களோடு ஆடும் ஒருவர் என்றைக்காவது "ஊருக்குப் போகப் பயமாயிருக்கு" என்று சொன்னால், யாரிடமும் பரப்பாதீர்கள், படம் எடுக்காதீர்கள், விசா முடிந்தும் ஒளித்துவைக்கலாம் என்று யோசனை சொல்லாதீர்கள். அது அவருடைய வழக்கையே கெடுத்துவிடும். விசா முடிவதற்குள் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போங்கள். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களும், காவலில் இருப்பவர்களும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமல் இலவச சட்ட உதவி கேட்கலாம். ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு எழுத வேண்டியதையும் அந்த வக்கீலே எழுதித் தருவார். போகும்போது அவரிடம் உள்ள காகிதங்களை மறக்காமல் எடுத்துப்போகச் சொல்லுங்கள்: பாஸ்போர்ட் நகல், ஊரிலிருந்து வந்த மிரட்டல் செய்திகள், வீட்டுக்கு வந்த சம்மன், அவரைப் பற்றி அந்நாட்டு டிவியில் வந்ததன் பதிவு, தேதியோடு.